மீசை இல்லாத ராஜபார்ட்

மீசை ஒட்டுவது என் தொழில். காரைக்குடியைச் சுற்றி, பல ஊர் நடிகர்கள் வந்து சேர்ந்து விடிய விடிய நடத்துகிற ஸ்பெஷல் நாடகங்களுக்கு முப்பத்தாறு வருஷமாக ஒப்பனை போடுகிறேன். கிரீடம், வேல், வில், ஜரிகை உடுப்பு எல்லாம் வாடகைக்கும் கொடுக்கிறேன். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, எந்த நாடகமானாலும் சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். ஆணைப் பெண்ணாக்கியிருக்கிறேன், பெண்ணை ஆணாக்கியிருக்கிறேன், இருபது வயதுப் பையனைத் தொண்டு கிழவனாக்கியிருக்கிறேன். மீசையே ஒட்டாமல் ஒரு பெண்ணை ஆண் என்று ஊரையே நம்ப வைத்த ஒரு படத்தை இந்த மாசித் திருவிழா சமயத்தில்தான் பார்த்தேன். அதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

படத்தின் பெயர் 'ஹீஸ் எ வுமன், ஷீஸ் எ மேன்'. ஹாங்காங் படம், 1994-ல் வந்தது. பீட்டர் சான் இயக்கியது. லெஸ்லி சியுங், அனிதா யூன், கரீனா லாவ் நடித்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் பாஷையில் வைத்த பெயருக்குத் தங்கக் கிளை, பச்சைக்கல் இலை என்று அர்த்தமாம். ராஜ பரம்பரையில் பிறந்தவர்களை அப்படிச் சொல்வார்களாம். ராஜபார்ட், அதாவது ஆண் நாயக வேஷம், போடுகிற ஒரு பெண்ணின் கதைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

என் மகள் சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கிறாள். முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் லீவு போட்டு வந்துவிடுவாள். போன வருஷம் அவள்தான் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாள். "அப்பா, பொம்பளைப் பிள்ளை ஒண்ணு பையன் வேஷம் போட்டு வருது. நீங்க பார்த்தா வேஷத்துல ஏதாவது குத்தம் சொல்வீங்க, எனக்கு அதைக் கேக்கணும்" என்றாள். சொன்னபடியே ஒரு டிஸ்க் வாங்கி வந்தாள். எதிர்வீட்டு ஆச்சி வீட்டில்தான் பெரிய டிவி இருக்கிறது. ஆச்சிக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும். பட்டாலைக் கூடத்தில் பாயை விரித்து, கொட்டான் கூடை நிறைய சீப்புச்சீடை, மனகோலம் என்று பலகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஐந்து நிமிஷம்கூட ஓடியிருக்காது. "நிறுத்து ஆத்தா, இது ஈப்போப் பேச்சு இல்லையே" என்றார் ஆச்சி.

ஆச்சியின் வீட்டுக்காரர் மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன செட்டியார். கல்யாணமான புதிதில் ஆச்சியும் ஆறு வருஷம் ஈப்போவில் இருந்திருக்கிறார். ஈயச் சுரங்க ஊர் அது. அங்கே இருக்கிற சீனர்கள் அதிகமும் பேசுவது காண்டனீஸ். சந்தையில் கீரை வாங்கக் கற்றுக்கொண்ட பேச்சு, ஆச்சியின் காதை விட்டுப் போகவில்லை. 'கெய் தோ சின்' என்றால் எவ்வளவு காசு. 'தாய் குவாய்' என்றால் ரொம்ப விலை. 'ம்கோய்' என்றால் தயவு செய்து, நன்றி இரண்டுக்கும் ஆகும். இந்தச் சொற்களை எண்பது வயது தாண்டியும் வாய் நிறையச் சொல்கிறார். மகள் டிஸ்க் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆச்சி சொன்னதுதான் சரி. படம் காண்டனீஸ், ஆனால் அந்த டிஸ்கில் இருந்தது மாண்டரின் என்கிற இன்னொரு சீனப் பேச்சில் குரல் மாற்றிப் போட்ட பதிப்பு மட்டும்தான். வாங்கும்போது கடையில் கேட்டதற்கு இரண்டு பாஷையும் இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். வாய் ஒரு பக்கம் போகிறது, குரல் இன்னொரு பக்கம் போகிறது. அதோடு பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நாடகத்தில் பின்பாட்டுக்காரர் அரை நொடி பிந்தினாலே சபை கலைந்துபோகும். சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டோம். இந்த வருஷம் சரியான டிஸ்க் வந்தது. நீங்கள் வாங்கினாலும் காண்டனீஸ் ஒலி இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்து வாங்குங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாம் என்று ஒரு இசையமைப்பாளர். ரோஸ் என்கிற பாடகியைத் தூக்கிவிட்டவர் அவர்தான், இரண்டு பேரும் ஜோடி. விங் என்கிற ஏழைப் பெண்ணுக்கு இந்த ஜோடியின் மேல் பைத்தியம் மாதிரி பிரியம், அவர்கள் பிரிந்துவிடவே கூடாது அவளுக்கு. சாம் புதிதாக ஒரு ஆண் பாடகரைத் தேடுகிறார் என்று தெரிந்ததும், கிட்டே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசையில் பையன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போகிறாள். அவளைத் தேர்ந்தெடுத்தும் விடுகிறார்கள். சாமின் வீட்டிலேயே தங்க வேண்டி வருகிறது. அப்புறம் சாமுக்கு இந்தப் 'பையன்' மேல் மனசு போகிறது. தனக்கு என்ன ஆயிற்று என்று அந்த மனுஷன் தவிக்கிற தவிப்புதான் படம்.

இதைக் கேட்டதும் ஆச்சி சொன்னார்: "தம்பி, இது நம்ம வள்ளி திருமணமில்ல?" உண்மைதான். வள்ளியைக் கல்யாணம் செய்துகொள்ள முருகன் வேடனாக வருகிறார், வேங்கை மரமாக நிற்கிறார், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறார். விடிய விடிய வேஷமும் தர்க்கமும்தான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி நூறு வருஷம் ஆன பிறகும் அந்தத் தர்க்கத்துக்காகத்தான் ஜனம் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆள் மாறாட்டம் பார்க்கிற நமக்குத் தெரியும், எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பேச்சும் நமக்கு ஒரு மாதிரியும் அவருக்கு வேறு மாதிரியும் கேட்கும். பீட்டர் சானும் அதே கயிற்றைத்தான் பிடித்து இழுத்திருக்கிறார்.

இப்போது என் தொழில் சம்பந்தமான விஷயத்துக்கு வருகிறேன். மகள் கேட்டதும் அதைத்தான்.

பெண்களுக்கு ராஜபார்ட் வேஷம் நான் நிறையப் போட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் அது புதிதில்லை. கே.பி. சுந்தராம்பாள் 1935-லேயே நந்தனாராக நடித்தவர், அதற்கு அந்தக் காலத்தில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். எனக்கு ஒப்பனை கற்றுக்கொடுத்ததே ஒரு பெண் ராஜபார்ட்தான் என்று சொல்லலாம். புதுக்கோட்டைப் பக்கத்து அம்மா. கொட்டகைக்குப் பின்னால் படுதா மறைவில் ஒரு குண்டு பல்பு தொங்கும், ஒரு தகர நாற்காலி கிடக்கும். மேலுதட்டைத் துடைத்துவிட்டு ஸ்பிரிட் கம் என்கிற பசையைத் தடவி, அது கொஞ்சம் பிசுபிசுப்பு ஆகிற வரைக்கும் காத்திருந்து, மீசையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பேன். அந்த நேரம் அவர் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. நான் கையை எடுத்ததும் கண்ணாடியைப் பார்க்க மாட்டார். எழுந்து நிற்பார். இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டு நிற்பார். அவ்வளவுதான், புடவையில் இடுப்பைச் சாய்த்து நிற்கிற பெண் அங்கே இருக்க மாட்டாள். "மீசை எப்பவேணா உதுந்துரும் தம்பி, காலு உதுராது" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு மேடையில் வேடன் வேஷத்தில் தர்க்கம் சூடாக நடக்கும்போது நிஜமாகவே வியர்வையில் ஒரு பக்க மீசை கழன்றுவிட்டது. அவர் அதைப் பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தார். ஒரு ஆள் சிரிக்கவில்லை. வேடன் அங்கேயேதான் இருந்தான்.

அனிதா யூனைப் பார்த்தபோது எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. ஒட்டுமீசை கிடையாது, ரப்பர் முகம் கிடையாது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு தொளதொள என்று சட்டை போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அவருடைய சிநேகிதனாக வருகிற ஜோர்டன் சான் நடக்கக் கற்றுக்கொடுக்கிறார். ரசிகர்கள் கச்சேரியில் ஆட்டுகிற ஒளிக்குச்சியைக் கால்சட்டைக்குள் வைத்துக்கொள்வது வரைக்கும் போகிறது பாடம். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த இடம் சிரிப்புக்காக வைத்ததுதான், நானும் சிரித்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்திருப்பதுதான் வேலை. ஆண் மாதிரி நடக்கக் கற்றுக்கொண்ட ஒரு பெண், யாரும் பார்க்காத நேரத்தில் சட்டென்று பெண்ணாகத் தளர்ந்துவிடுகிறாள். யாரோ வருகிற சத்தம் கேட்டதும் மறுபடி தோளை ஏற்றிக்கொள்கிறாள். பெண், ஆண், ஆண் வேஷத்தில் அகப்பட்டுக்கொண்ட பெண் என்று மூன்று பேரை ஒரே உடம்பில் காட்டுகிறார். மகளிடம் ரிமோட்டை வாங்கி நானே இரண்டு மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். கழுத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஆணாக இருக்கும்போது கழுத்து முன்னால் வருகிறது. சாமைப் பார்த்து மயங்குகிற நேரத்தில் அதே கழுத்து பக்கவாட்டில் ஒரு விரற்கடை சாய்கிறது. இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒப்பனைக்காரன் கையில் இல்லாத வித்தை இது. இந்த வேஷத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருதில் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது, அதற்கு முந்தின வருஷமும் வேறொரு படத்துக்காக வாங்கியிருந்தாராம். 1990-ல் மிஸ் ஹாங்காங் பட்டம் வாங்கிய அழகி என்று மகள் சொன்னாள். அழகிப் பட்டம் வாங்கியவர் முகத்தில் பூச்சே இல்லாமல், பையன் வெட்டு முடியோடு வந்து நிற்பதற்குத் தைரியம் வேண்டும்.

லெஸ்லி சியுங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1993-ல் வந்த 'ஃபேர்வெல் மை கன்குபைன்' படத்தில் அவர் பீக்கிங் நாடகத்தில் ஸ்திரீபார்ட் போடுகிற நடிகராக நடித்திருக்கிறார். கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய படம். அதில் அவர் முகத்துக்கு வெள்ளையும் ரோஜாச் சிவப்பும் பூசியிருக்கிற படங்களை மகள் போனில் காட்டினாள். கண்ணோரத்தை நெற்றிப்பொட்டுப் பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிற நேர்த்தியைப் பார்த்து எனக்குக் கை பரபரத்தது. அந்த மனுஷன் அடுத்த வருஷமே வந்து, வேஷம் எதுவும் இல்லாமல் ஒரு ஆணாக நின்று, வேஷம் போட்ட பெண்ணிடம் மனசைப் பறிகொடுக்கிறார். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவருக்குத்தான் இது வரும். சாம் குழம்புகிற இடங்களில் அவர் முகத்தில் அருவருப்பு இல்லை, பயம் இருக்கிறது. அந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது. வேறு ஒருவர் நடித்திருந்தால் அந்த இடமெல்லாம் மட்டமான கேலியாகப் போயிருக்கும். 2003-ல் 46 வயதிலேயே போய்விட்டார் என்று மகள் சொன்னதும் படத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டோம். ஆச்சி எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

கரீனா லாவ் செய்திருக்கிற ரோஸ் எனக்குப் பிடித்துப்போனது. இந்த மாதிரிக் கதையில் முதல் காதலியைப் பொல்லாதவளாக்கிவிட்டால் இயக்குநருக்கு வேலை சுலபம். பீட்டர் சான் அதைச் செய்யவில்லை. ரோஸும் நல்லவள், கெட்டிக்காரி. சிரிக்க வைக்கிற இடத்திலும் அவளுடைய வருத்தம் தெரிகிறது. எரிக் சாங் பபூன் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. பாடத் தெரியாத ஒரு பெண்ணைப் பாடகராக்குகிற கதை இது. அவள் குரல் எப்படித் தேறியது, எத்தனை நாள் கஷ்டப்பட்டாள் என்பதை ஓடுகிற வண்டியிலிருந்து காட்டுகிற மாதிரி காட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் மேடையில் ஒத்திகை கிடையாது. மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர், மணப்பாறையிலிருந்து ஒருவர் என்று வந்து இறங்கி அன்றைக்கு ராத்திரி சேர்ந்து நடித்துவிட்டுப் போவார்கள். அது முடிகிறதென்றால் ஒவ்வொருவரும் குரலுக்காகப் பத்து வருஷம் பட்டிருக்கிறார்கள். அதனால் எனக்கு அந்த இடம் போதவில்லை.

இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. ஆணை ஆண் விரும்புவதைப் பற்றி இவ்வளவு தூரம் துணிந்து பேசுகிற படம், அவள் பெண்தான் என்று நமக்கு முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேசுகிறது. எரிக் சாங்கின் பாத்திரத்தை எல்லாரும் 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிறார்கள், அவரை வைத்துச் சிரிக்கவும் சிரிக்கிறார்கள். நல்லவராகத்தான் காட்டியிருக்கிறார்கள், சாமுக்கு ஆறுதலாக இருப்பவரும் அவர்தான். ஆனாலும் ஸ்திரீபார்ட் போடுகிற ஆண்களோடு ஒரே படுதா மறைவில் இத்தனை வருஷம் சோறு தின்றவன் நான். வேஷம் கலைத்த பிறகும் ஊர் அவர்களைக் கூப்பிடுகிற பெயர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாத்திரத்துக்கு அவருக்கென்று ஒரு காட்சி, அவருடைய மனசைச் சொல்கிற ஒரே ஒரு காட்சி, வைத்திருக்கலாம். 1994-ல் இந்த அளவு பேசியதே பெரிது என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு அந்த ஒரு காட்சி இல்லாதது உறுத்துகிறது.

பாட்டு? 'துரத்து' என்று அர்த்தம் வருகிற ஒரு பாட்டை லெஸ்லி சியுங் பாடியிருக்கிறார். மெட்டு போட்டது டிக் லீ, சிங்கப்பூர்க்காரர். விருது வாங்கிய பாட்டு. ஒரு வார்த்தை புரியாமலே ஆச்சி அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பியானோவை அதிகம் கேட்டுப் பழகாத என் காதுக்கும் அது நம் விருத்தம் மாதிரி மெதுவாக ஏறி வருவது நன்றாக இருந்தது. படம் முடிந்த பிறகு மகள் அதை மட்டும் இரண்டு தடவை போட்டாள்.

இங்கிலீஷ் எழுத்து கீழே ஓடும். மகள் அதை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், கதாகாலட்சேபம் மாதிரி. ஒன்றேமுக்கால் மணி நேரப் படம், எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேச்சு வேகம் அதிகம். இங்கிலீஷ் சரளமாக வாசிக்க வராதவர்கள் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தனியாகப் பார்ப்பதைவிட அதுதான் நன்றாகவும் இருக்கும். கடைசிக் காட்சியைச் சொல்ல மாட்டேன். சாமுக்கு அடைந்த இடம் என்றால் பயம், அதனால் லிஃப்ட் வருகிற காட்சிகளை மட்டும் கவனமாகப் பார்த்து வையுங்கள்.

படம் முடிந்தபின் ஆச்சி ஒன்று சொன்னார். ஈப்போவில் சீனர்கள் கோயில் விழாவுக்குத் தெருவில் மேடை கட்டி நாடகம் போடுவார்களாம். அதில் ராஜா வேஷத்தில் வந்தது பெண் என்று பக்கத்து வீட்டுச் சீனத்தி சொல்லித்தான் ஆச்சிக்குத் தெரிந்ததாம். மகள் உடனே போனில் தேடினாள். காண்டனீஸ் நாடகத்தில் பெண்கள் ராஜபார்ட் போடுவது பழைய வழக்கம். யாம் கிம்-ஃபாய் என்று ஒரு பெரிய நடிகை இருந்திருக்கிறார், ஆண் வேஷத்துக்கென்றே பேர் வாங்கியவர், 1989-ல் காலமானவர். நாடக ரசிகர்களின் காதலன் என்றே அவருக்குப் பட்டம். படத்தில் அவர் நிற்பதைப் பார்த்தேன். கையில் விசிறி, தலையில் தொப்பி, இரண்டு காலிலும் எடை சமமாக. புதுக்கோட்டை அம்மா நிற்கிற மாதிரியே இருந்தது. அனிதா யூன் எங்கிருந்து வருகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஊர் ஜனத்துக்குப் பெண் ஆணாக வருவது புதிதாக இருந்திருக்காது. அவர்களுடைய பாட்டிமார் அந்த வேஷத்தைப் பார்த்து மயங்கியவர்கள்.

பத்து நாள் கழித்து ஒரு வள்ளி திருமணம் இருந்தது. ராஜபார்ட் ஒரு சின்னப் பெண், மதுரைப் பக்கம், இந்தத் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஸ்பிரிட் கம் காய்கிற நேரத்தில் மகளின் போனை வாங்கி அனிதா யூன் நடக்கக் கற்றுக்கொள்கிற காட்சியை அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் எழுந்து படுதாவுக்குப் பின்னால் போய் நாலு தடவை நடந்து பார்த்தாள். அன்றைக்கு வேடன் மேடைக்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த கிழவிகள் விசில் அடிக்காத குறைதான்.

1996-ல் இதற்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது, அதில் அனிதா மூய் என்று இன்னொரு பெரிய பாடகியும் இருக்கிறாராம். மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆச்சியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "ஈப்போப் பேச்சுதானான்னு கடையிலேயே போட்டுக் கேட்டுட்டு வாங்கியா ஆத்தா."